எஞ்சினைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்துதல்

உங்கள் எஞ்சின் இப்போது ஒரு முழு ஆட்டத்தை ஆடி முடிக்கிறது. கேஸ்லிங் செய்கிறது, சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் ராணியாக்குகிறது, எழுதிய உங்களையே ஜெயிக்கவும் ஜெயிக்கிறது. இனி மற்றவர்கள் எழுதிய எஞ்சின்களோடு மோதவிட்டுப் பார்க்கும் ஆசை வந்துவிடும். வர வேண்டிய ஆசைதான். ஆனால் புது எஞ்சின் ஒன்று முதல் போட்டியில் புள்ளிகளைப் பறிகொடுப்பதற்கு எதிராளியின் திறமை மட்டும் காரணமாக இருப்பதில்லை. ஜெயிக்கும் நிலையில் நேரம் தீர்ந்துபோகும். விதிக்குப் புறம்பான நகர்வு ஒன்றை அனுப்பும். நடு ஆட்டத்தில் பேச்சுமூச்சின்றி நின்றுவிடும். இந்த அத்தியாயம் உங்கள் எஞ்சினை ஒரு எலோ புள்ளிகூட உயர்த்தாது. யார் வீட்டுக் கணினியில், எந்தக் கால அளவில் ஓட்டினாலும் அது விழாமல் ஆடி முடிக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அதை மட்டுமே சொல்லும். அந்த வேலை முடியாமல் பலத்தைக் கூட்டுவதில் இறங்காதீர்கள் என்பதே என் அழுத்தமான பரிந்துரை.

எங்கே ஆடலாம்

கணினிகளுக்கென்றே நடந்த முதல் செஸ் போட்டி 1970-ல் நியூயார்க்கில், ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் மாநாட்டின் பகுதியாக நடந்தது. ஆறு நிரல்கள் கலந்துகொண்டன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘செஸ் 3.0’ வென்றது. 1974-ல் ஸ்டாக்ஹோமில் முதல் உலகக் கணினி செஸ் சாம்பியன்ஷிப் நடந்தபோது 13 நிரல்கள் வந்தன. வென்ற சோவியத் நிரலான ‘காய்ஸா’ ஓடிக்கொண்டிருந்த கணினி மாஸ்கோவில் இருந்தது. நகர்வுகள் தொலைபேசியில் போய் வந்தன. அந்தக் காலத்தில் பெரிய நிறுவனத்தின் கணினி கைவசம் இல்லாதவருக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை. மேசைக் கணினி வந்தபிறகு நிலைமை தலைகீழானது. இன்று எஞ்சினை எழுதுபவரும் தனி ஆள், போட்டியை நடத்துபவரும் பெரும்பாலும் தனி ஆள்.

அப்படித் தனியொருவர் நடத்திய போட்டிகளில் நெதர்லாந்தின் ரிட்டர்கெர்க் நகரிலிருந்து நடந்த தொடரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வின்போர்டு நிரலில் ஓடும் எஞ்சின்களுக்கான அந்தத் தொடரில் கால்பந்து லீக் போலப் பல டிவிஷன்கள் இருந்தன. கீழே முதலிடம் பெற்றவர் மேலே போவார், மேலே கடைசியில் நின்றவர் கீழே இறங்குவார். இந்த ஏற்பாடு புதியவருக்குச் செய்யும் நன்மை பெரிது. தன் அளவிலான எதிராளிகளோடு ஆடினால்தான் தோல்வியும் வெற்றியும் ஏதாவது கற்றுத்தரும். உச்சத்தில் இருக்கும் ஸ்டாக்ஃபிஷிடம் நூற்றுக்கு நூறு தோற்பதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

நெதர்லாந்தின் கணினிச் சதுரங்கச் சங்கம் லைடன் நகரில் பல ஆண்டுகள் நடத்திய போட்டிகள் வேறு ரகம். எஞ்சினின் ஆசிரியர் கணினியோடு நேரில் வந்து மேசையில் உட்கார வேண்டும். எதிராளி ஆடிய நகர்வைத் தன் கணினியில் தட்டி, எஞ்சின் சொன்ன நகர்வைப் பலகையில் வைத்து, கடிகாரத்தை அழுத்த வேண்டும். எஞ்சினுக்குப் பதிலாக அவர் எதையும் தீர்மானிக்கக்கூடாது. இப்படிப்பட்ட போட்டிக்கு எப்போதாவது போக வாய்த்தால் தட்டச்சுக்கும் கைக்கும் ஆகும் நொடிகளையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கடிகாரத்தில் அவையும் உங்கள் நேரம்தான்.

மூன்றாவது வகை தரவரிசைப் பட்டியல்கள். சிசிஆர்எல் பட்டியலைத் தன்னார்வலர்கள் பலர் தத்தம் கணினிகளில் ஆட்டங்களை ஓட்டிச் சேர்த்து உருவாக்குகிறார்கள். ‘40/15’ என்று அங்கே போட்டிருந்தால் 40 நகர்வுகளுக்கு 15 நிமிடம், பிறகு அடுத்த 40-க்கு மறுபடியும் 15 நிமிடம் என்று பொருள். அந்த 15 நிமிடம் இன்டெல் ஐ7-4770கே செயலிக்குரிய கணக்கு. ஓட்டுபவரின் கணினி அதைவிட மெதுவானது என்றால் நேரத்தைக் கூட்டிக்கொள்வார், வேகமானது என்றால் குறைத்துக்கொள்வார். ஆகையால் உங்கள் எஞ்சினுக்கு 15:00 என்ற முழு எண் வராது. 11 நிமிடம் சொச்சம் வரலாம், 18 நிமிடம் சொச்சம் வரலாம். எண்களை நிரலுக்குள் நிலையாக எழுதி வைத்திருப்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

உச்சியில் இருப்பது டிசிஇசி. 2010-ல் நார்வேக்காரர் மார்ட்டின் தோரசன் தொடங்கியது. அதன் சூப்பர்ஃபைனலில் இரண்டு எஞ்சின்கள் 100 ஆட்டங்கள் மோதும். ஒவ்வொரு தொடக்க நிலையையும் இரு தரப்பும் வெள்ளையாக ஒருமுறை, கறுப்பாக ஒருமுறை ஆடும். அங்கே கீழ்மட்ட லீக்குகளும் உண்டு, ஆனால் முதல் போட்டியாக அதை நினைக்க வேண்டாம்.

விதிகளைச் சரிபார்த்தல்

விதிமீறிய நகர்வு ஒன்றை அனுப்பினால் அந்த ஆட்டம் அங்கேயே தோல்வி. இதைத் தடுக்க நம்மிடம் இருக்கும் கருவி பெர்ஃப்ட். ஒரு நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம் வரை போகக்கூடிய எல்லா நகர்வு வரிசைகளையும் எண்ணிப் பார்ப்பதுதான் அது. ஆட்டத்தின் தொடக்க நிலைக்கு விடைகள் இவை: 20, 400, 8,902, 1,97,281, 48,65,609, 11,90,60,324. ஆறாம் ஆழம் வரை ஓர் எண் பிசகாமல் வர வேண்டும். ஆனால் தொடக்க நிலை மட்டும் போதாது, ஏனென்றால் அந்த ஆழத்தில் கேஸ்லிங்குக்கும் சிப்பாய் உயர்வுக்கும் வேலையே இராது. ‘கிவிபீட்’ என்ற பெயரில் எஞ்சின் எழுதுவோரிடையே புழங்கும் சோதனை நிலையையும் ஓட்டுங்கள்: 48, 2,039, 97,862, 40,85,603.

எண் தவறினால் என்ன செய்வது? முதல் நகர்வு ஒவ்வொன்றின் கீழும் எத்தனை வந்தது என்று தனித்தனியே அச்சிடுங்கள். ஸ்டாக்ஃபிஷில் பெர்ஃப்ட் கட்டளை உண்டு, அதுவும் இதே பட்டியலைத் தரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த நகர்வில் எண் வேறுபடுகிறதோ அதை ஆடிவிட்டு, ஓர் ஆழம் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். நான்கைந்து சுற்றில் ஒரே ஒரு நிலையும் அதில் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள ஒரே ஒரு நகர்வும் கையில் இருக்கும்.

பெரும்பாலும் அங்கே நிற்கும் குற்றவாளிகள் இருவர். ஒன்று என் பஸான்ட். வெள்ளை ராஜா ஏ5-ல், வெள்ளைச் சிப்பாய் பி5-ல், கறுப்பு யானை எச்5-ல், நடுவில் வேறு காய் இல்லை. கறுப்புச் சிப்பாய் சி7-லிருந்து சி5-க்குத் தாவுகிறது. அதை என் பஸான்ட் முறையில் வெட்டினால் பி5 சிப்பாயும் சி5 சிப்பாயும் ஒரே நகர்வில் அந்த வரிசையை விட்டுப் போய்விடும். யானை நேராக ராஜாவைப் பார்க்கும். ராஜாவை மறைத்து நிற்கும் காய் நகரலாமா என்று பார்க்கும் வழக்கமான ‘பின்’ சோதனை இதைப் பிடிக்காது, ஏனென்றால் இடையில் இரண்டு காய்கள் இருந்தன. இன்னொன்று கேஸ்லிங் உரிமை. எச்8-ல் இருந்த யானையை எதிராளி வெட்டிவிட்டான், உரிமையை நீக்க நீங்கள் மறந்துவிட்டீர்கள். பிறகு இன்னொரு யானை அதே கட்டத்துக்கு வந்து நின்றால் எஞ்சின் கேஸ்லிங் செய்யப் பார்க்கும்.

கேட்டதும் பதில் சொல்ல வேண்டும்

யூசிஐ என்பது எஞ்சினும் போட்டி நடத்தும் நிரலும் பேசிக்கொள்ளும் மொழி. ரூடால்ஃப் ஹூபரும் ஷ்ரெடர் எஞ்சினை எழுதிய ஸ்டெஃபான் மேயர்-காலனும் வகுத்து 2000 நவம்பரில் வெளியானது. அதற்கு முன்பிருந்த எக்ஸ்போர்டு நெறிமுறையை இன்றும் சிலர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் புதிதாகத் தொடங்குபவர் யூசிஐ-யோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த உரையாடல் வெறும் எழுத்து வரிகள்தான். அதனால் முதல் கோளாறும் வரிகளில்தான் வரும். முனையத்தில் ஓட்டினால் எஞ்சின் ஒழுங்காகப் பதில் சொல்லும்; போட்டி நிரலில் ஏற்றினால் ஊமையாகிவிடும். காரணம், வெளியீடு குழாய் வழியே போகும்போது இயங்குதளம் அதைத் தேக்கி வைத்துக் கொஞ்சம் சேர்ந்த பிறகே அனுப்பும். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஃப்ளஷ் செய்யுங்கள், அல்லது நிரல் தொடங்கும்போதே தேக்கத்தை அணைத்துவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் மணிக்கணக்கில் தவித்த புதியவர்கள் ஏராளம்.

அடுத்தது, யோசித்துக்கொண்டிருக்கும்போதே ‘ஐஸ்ரெடி’ வந்தால் ‘ரெடிஓகே’ என்று உடனே பதில் போக வேண்டும். ‘ஸ்டாப்’ வந்தால் கையிலுள்ள சிறந்த நகர்வைச் சொல்லிவிட வேண்டும். தேடலும் உள்ளீட்டை வாசிப்பதும் ஒரே இழையில் இருந்தால் இது நடக்காது. வாசிப்பதைத் தனி இழைக்கு மாற்றுங்கள். ‘க்விட்’ வந்ததும் முழுதாக வெளியேறவும் வேண்டும். இல்லையென்றால் அமைப்பாளரின் கணினியில் உங்கள் எஞ்சினின் மிச்சங்கள் இருபது முப்பது தேங்கி, மற்றவர்களின் ஆட்டத்தையும் மந்தமாக்கிவிடும்.

நகர்வு எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். கேஸ்லிங்கை ராஜா இரண்டு கட்டம் நகர்வதாக எழுத வேண்டும். சிப்பாய் உயரும்போது எந்தக் காயாக உயர்கிறது என்ற எழுத்து கடைசியில் வர வேண்டும். குதிரையாக உயரும் நகர்வை எதிராளி ஆடியதும் அதை ராணி என்று எடுத்துக்கொள்ளும் எஞ்சின்கள் உண்டு. அது அபூர்வமாகவே வரும் என்பதால் சோதனையில் தப்பிவிடும்.

ஹாஷ் அளவை அமைப்பாளர் சொல்வார். 64 மெகாபைட் என்று அவர் சொன்னால் 64-க்குள் இருங்கள். இரண்டு எஞ்சின்கள் ஒரே கணினியில், அதுவும் நான்கைந்து ஆட்டங்கள் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

கடிகாரம்

எஞ்சின் எழுதுவோர் பலர் தொடங்கும் நேரச் சூத்திரம் எளிமையானது: மீதி நேரத்தில் இருபதில் ஒரு பங்கு, அதோடு ஒவ்வொரு நகர்வுக்கும் சேரும் கூடுதல் நொடியில் பாதி. 3 நிமிடம், நகர்வுக்கு 2 நொடி என்ற ஆட்டத்தில் இது எப்படிப் போகும் என்று பாருங்கள். முதல் நகர்வுக்கு 180-ல் இருபதில் ஒரு பங்கு 9 நொடி, கூட 1 நொடி, ஆக 10. மீதி குறையக் குறையச் செலவும் குறையும். மீதி 20 நொடிக்கு வரும்போது செலவு 2 நொடி, வரவும் 2 நொடி. அங்கே நின்றுவிடும். கூடுதல் நொடி உள்ள ஆட்டங்களுக்கு இது பத்திரமான சூத்திரம்.

கூடுதல் நொடி இல்லாத 5 நிமிட ஆட்டத்தில் கதை வேறு. ஒவ்வொரு முறையும் மீதியில் இருபதில் ஒரு பங்கைத்தானே எடுக்கிறோம், மீதி ஒருபோதும் தீராது என்று தோன்றும். ஆனால் நகர்வை அனுப்ப, போட்டி நிரல் அதை வாசிக்க, இயங்குதளம் வேறு வேலைக்குத் தாவித் திரும்ப என்று ஒவ்வொரு நகர்வுக்கும் சிறு கசிவு உண்டு. அதை 30 மில்லிநொடி என்று வைத்துக் கணக்குப் போட்டால் 120-வது நகர்வைத் தாண்டியதும் கடிகாரம் காலியாகிவிடும். மனிதர்கள் ஆடும் செஸ்ஸில் 120 நகர்வு அபூர்வம். எஞ்சின்கள் ஆடும் யானை முடிவாட்டங்களில் சாதாரணம். எனவே கசிவுக்கென்று ஒரு தொகையை முதலிலேயே கழித்துவிட்டு மீதியைப் பங்கிடுங்கள். அதை மூவ் ஓவர்ஹெட் என்ற பெயரில் அமைப்பாளர் மாற்றக்கூடிய தேர்வாகவும் வையுங்கள்.

40 நகர்வுக்கு 15 நிமிடம் என்ற ஆட்டத்தில் பள்ளம் 40-வது நகர்வில் இருக்கிறது. இன்னும் எத்தனை நகர்வு பாக்கி என்பதை யூசிஐ சொல்லிக்கொண்டே வரும். மீதி நேரத்தை அந்த எண்ணால் வகுப்பது இயல்பான யோசனை. ஆனால் பாக்கி ஒன்று என்று வரும்போது விடை முழு மீதி நேரம். எஞ்சின் கடைசி மில்லிநொடி வரை யோசித்து நகர்வைச் சொல்வதற்குள் நேரம் முடிந்திருக்கும். சூத்திரம் எதுவானாலும் அதன்மேல் ஓர் உச்சவரம்பு வையுங்கள்: மீதியில் கசிவைக் கழித்து, அதிலும் ஒரு பகுதிக்கு மேல் ஒரே நகர்வுக்குப் போகக்கூடாது.

தேடலின் நடுவே எப்போது கடிகாரத்தைப் பார்ப்பது? 2,048 நிலைகளுக்கு ஒருமுறை என்பது பலரும் எழுதுவது. நொடிக்குப் பத்து லட்சம் நிலை பார்க்கும் சி++ எஞ்சினுக்கு அது சுமார் 2 மில்லிநொடி. நொடிக்கு நாலாயிரம் மட்டுமே பார்க்கும் பைதான் எஞ்சினுக்கு அரை நொடி! வேறொருவரின் நிரலிலிருந்து எண்ணை அப்படியே எடுக்காமல் உங்கள் வேகத்துக்கேற்ப வையுங்கள். கூடவே, ஓர் ஆழமும் முடியாமல் நேரம் தீர்ந்தால் சொல்வதற்கு ஒரு சட்டப்படியான நகர்வாவது கையில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஜெயித்த ஆட்டம் டிரா ஆகும் இடங்கள்

ஒரு ராணி கூடுதலாக இருந்தும் எஞ்சின் அதே இரண்டு கட்டங்களுக்கிடையே போய்ப்போய் வந்து மூன்றாம் முறை அதே நிலையை உண்டாக்கும். ஆட்டம் டிரா. இதற்குக் காரணம், தேடல் தொடங்குவதற்கு முந்தைய நிலைகள் தேடலுக்குத் தெரியாமல் இருப்பது. போட்டி நிரல் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தின் முதல் நகர்விலிருந்து முழு வரிசையையும் அனுப்புகிறது. அதை வாசிக்கும்போதே ஒவ்வொரு நிலையின் ஹாஷ் எண்ணையும் பட்டியலில் சேர்த்து வையுங்கள். தேடலுக்குள் அந்தப் பட்டியலில் உள்ள நிலை வந்தால் டிரா என்று மதிப்பிடுங்கள். சிப்பாய் நகர்வுக்கும் வெட்டுக்கும் முந்தைய நிலைகள் திரும்ப வரவே முடியாது. அங்கே தேடுவதை நிறுத்திக்கொள்ளலாம்.

இதைவிடத் தந்திரமானது மேட் மதிப்பெண். ராஜாவும் யானையும் வெறும் ராஜாவுக்கு எதிரே. எஞ்சின் ‘மூன்று நகர்வில் மேட்’ என்கிறது. அடுத்த நகர்விலும் மூன்று. அதற்கடுத்த நகர்விலும் மூன்று. மேட் வருவதேயில்லை, 50 நகர்வு விதியில் டிரா. ஹாஷ் அட்டவணையில் மேட் மதிப்பெண்ணைச் சேமிக்கும்போது அது தேடலின் வேரிலிருந்து எத்தனை நகர்வு என்று எழுதிவிட்டீர்கள். அதே நிலையை வேறு ஆழத்தில் சந்திக்கும்போது அந்தக் கணக்கு பொய்யாகிறது. சேமிக்கும்போது அந்த நிலையிலிருந்து எத்தனை என்று மாற்றி எழுதி, எடுக்கும்போது வேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த இரு கோளாறுகளும் வீட்டுச் சோதனையில் தென்படாமல் போவதற்குக் காரணம் உண்டு. நேரத்தை மிச்சம்பிடிக்க நாம் எல்லோரும் ஆட்டத்தைப் பாதியில் தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறோம். மதிப்பெண் ஓர் அளவைத் தாண்டினால் வெற்றி என்று எழுதிவிடுகிறோம். போட்டிக்கு அனுப்புமுன் சில நூறு ஆட்டங்களையாவது தீர்ப்பு எதுவுமின்றி மேட் வரை ஆடவிடுங்கள்.

சிசிகி டேபிள்பேஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரொனால்ட் டி மான் 2013-ல் உருவாக்கிய இவற்றில் ஐந்து காய் வரையுள்ள தொகுப்பு ஏறக்குறைய 1 ஜிபிதான். ஆனால் முதல் போட்டிக்கு அவை வேண்டியதில்லை. முடிவாட்டத்தைச் சொந்தமாக ஆடத் தெரிந்த பிறகு சேர்க்கலாம்.

வீட்டில் ஒத்திகை

கட்செஸ் அல்லது ஃபாஸ்ட்செஸ் என்ற இலவச நிரல்களில் ஒன்றை நிறுவுங்கள். கட்டளை வரியில் இரண்டு எஞ்சின்களின் பெயரும் கால அளவும் கொடுத்தால் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அதுவே நடத்தும். எதிராளிகளாக உங்கள் அளவிலான எளிய எஞ்சின்களைத் தேர்ந்தெடுங்கள். டாம் கெரிகன் கற்பிப்பதற்கென்றே எழுதிய டிஎஸ்சிபி, எச்.ஜி. முல்லர் இரண்டாயிரம் எழுத்துக்குள் எழுதிய மைக்ரோ-மேக்ஸ், தாமஸ் ஆலே பைதானில் எழுதிய சன்ஃபிஷ் ஆகியவை நல்ல தொடக்கம். இவற்றின் மூலநிரல் சிறியது. தோற்றால் ஏன் தோற்றோம் என்று எதிராளியின் நிரலையே திறந்து பார்க்கலாம்.

தொடக்க நிலைகளின் கோப்பு ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும். ஒவ்வொரு தொடக்கத்தையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவையுங்கள்.

ஆட்டங்கள் முடிந்ததும் முதலில் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஆட்டமும் எப்படி முடிந்தது என்ற குறிப்பைப் பாருங்கள். நேரம் தீர்ந்தது, விதிமீறிய நகர்வு, தொடர்பு அறுந்தது என்ற மூன்றில் எது ஒருமுறை வந்திருந்தாலும் எஞ்சின் போட்டிக்கு ஆயத்தமாகவில்லை. ஆயிரத்தில் ஒன்றுதானே என்று விடத் தோன்றும். விடாதீர்கள். ஆயிரத்தில் ஒருமுறை செயலிழப்பது உங்கள் கணினியில். வேறு செயலி, வேறு ஹாஷ் அளவு, பத்து மடங்கு நீண்ட ஆட்டம் என்று ஆகும்போது அது எத்தனை முறை என்று யாராலும் சொல்ல முடியாது.

கணினியில் நான்கு கோர் இருந்தால் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டாம். மடிக்கணினியில் இரவு முழுக்க ஓட்டுபவர்கள் வெப்பத்தைக் கவனியுங்கள். கோடையில் மூடிய அறைக்குள் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆட்டங்கள் நடுவில் மந்தமாகி, நேரத் தோல்விகள் காரணமில்லாமல் முளைக்கும்.

மதிப்பெண்ணைப் பார்க்கும் நேரம் இப்போதுதான். புதிய பதிப்பு பழையதை எதிர்த்து 100 ஆட்டத்தில் 55 புள்ளி எடுத்தது என்று வையுங்கள். 55 சதவீதம் என்றால் சுமார் 35 எலோ. மகிழ்ச்சி பொங்கும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு டிராவாக முடியும் 100 ஆட்டங்களுக்குப் பிழை வரம்பு இருபக்கமும் ஏறத்தாழ 55 எலோ. அதாவது புதிய பதிப்பு பழையதைவிட மோசமாகவும் இருக்கலாம். ஆட்டங்களைப் பத்து மடங்காக்கி 1,000 ஆக்கினால் வரம்பு 18-க்கு வரும். 10,000 ஆக்கினால் 5 அல்லது 6-க்கு வரும். வரம்பைப் பாதியாக்க ஆட்டங்களை நான்கு மடங்காக்க வேண்டும், குறுக்குவழி இல்லை. இந்தச் செலவைக் குறைக்கவே எஸ்பிஆர்டி என்ற தொடர் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள்: முடிவு ஒரு பக்கம் தெளிவாகச் சாய்ந்ததும் அது தானே நின்றுவிடும். ஸ்டாக்ஃபிஷுக்காக கேரி லின்ஸ்காட் 2013-ல் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் கணினிகளில் இதைத்தான் ஓட்டுகிறது.

இதிலிருந்து போட்டிக்கு வரும் விளைவை யோசியுங்கள். ஒரு டிவிஷனில் உங்கள் எஞ்சின் ஆடப்போவது முப்பது நாற்பது ஆட்டங்கள். அதில் மூன்றாம் இடம் வந்ததா, ஏழாம் இடம் வந்ததா என்பதை வைத்து நிரலில் எதையும் மாற்ற வேண்டாம்.

சொந்தக் கை

எஞ்சின் எழுதுவோர் உலகம் மூலநிரலைப் பகிர்ந்தே வளர்ந்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஃபாபியான் லெதுஸே 2004-ல் வெளியிட்ட ஃப்ரூட், அடுத்த ஆண்டே ரெய்க்யாவிக் உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அதன் 2.1 பதிப்பின் தெளிவான நிரலை வாசித்துக் கற்றவர்கள் எண்ணற்றோர். நார்வேயின் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளாருங்கிலிருந்து 2008-ல் மார்கோ கோஸ்டால்பா கிளைத்துத் தொடங்கியதுதான் ஸ்டாக்ஃபிஷ். மூலத்தைச் சொல்லி, உரிமத்தை மதித்துச் செய்ததால் அது எல்லோருடைய சொத்தாக வளர்ந்தது.

எல்லை மீறிய கதைகளும் உண்டு. ஃப்ரூட்டிலிருந்தும் கிராஃப்டி என்ற எஞ்சினிலிருந்தும் எடுத்தாண்டதாகத் தீர்ப்பளித்து 2011-ல், உலகப் போட்டிகளை நடத்திய ஐசிஜிஏ அமைப்பு ரிப்கா என்ற எஞ்சினின் 2007 முதல் 2010 வரையான உலகப் பட்டங்களைப் பறித்தது. அந்தத் தீர்ப்பு சரியா என்ற வாதம் நெடுநாள் ஓடியது. 2021-ல் ஸ்டாக்ஃபிஷ் குழு, ஜிபிஎல் உரிமத்தை மீறியதாகச் செஸ்பேஸ் நிறுவனத்தின்மீது ஜெர்மனியில் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது.

உங்களுக்கான நடைமுறை இது. யோசனையை எங்கிருந்தும் எடுக்கலாம், நிரலை நீங்களே எழுதுங்கள். எந்த எஞ்சினைப் படித்துக் கற்றீர்கள் என்று ரீட்மீ கோப்பில் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். யூ நாசு 2018-ல் ஷோகி ஆட்டத்துக்காக உருவாக்கிய என்என்யூஇ வலைப்பின்னல் 2020-ல் ஸ்டாக்ஃபிஷ் 12-இல் சேர்ந்த பிறகு எது சொந்தம் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. நிரல் உங்களுடையது, மதிப்பிடும் வலைப்பின்னல் வேறொருவருடையது என்றால் அது உங்கள் எஞ்சின் ஆகாது. உங்கள் எஞ்சின் தனக்குத்தானே ஆடிய ஆட்டங்களிலிருந்து பயிற்சி கொடுங்கள். முதலில் வலிமை குறையும், ஆனால் எந்த அமைப்பாளரும் தயங்காமல் சேர்த்துக்கொள்வார். உங்களுக்கும் ஒவ்வொரு வெற்றியும் முழுசாக உங்களுடையதாக இருக்கும்.

அனுப்பும்போது

விண்டோஸில் ஓடும் கோப்பு ஒன்று அவசியம், அதை வேறு டிஎல்எல் எதுவும் தேவைப்படாதபடி ஸ்டாட்டிக்காகத் தொகுங்கள். ஏவிஎக்ஸ்2 உள்ள செயலிக்கு ஒன்று, இல்லாத பழைய செயலிக்கு ஒன்று என்று தனித்தனியே கொடுங்கள். எஞ்சினின் பெயரும் பதிப்பு எண்ணும் கோப்பின் பெயரிலும் யூசிஐ பதிலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிழை திருத்தி மறுபடி அனுப்பினால் எண்ணையும் மாற்றுங்கள். ஒரே எண்ணில் இரண்டு வேறு கோப்புகள் உலவினால், ஓட்டிய ஆட்டங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் அமைப்பாளரின் பல நாள் உழைப்பு வீணாகும். அவர் தன் கணினியை, தன் மின்சாரத்தை, தன் வாரக் கடைசியை நமக்காகத் தருகிறார். வாரந்தோறும் புதிய பதிப்பு அனுப்பி அவரை அலைக்கழிக்காதீர்கள். சோதனையில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தால் மட்டும் அனுப்புங்கள்.

லாக் கோப்பு எழுதும் வசதியைத் தேர்வாக வையுங்கள், இயல்பாக அது அணைந்தே இருக்கட்டும். எஞ்சின் நின்றுபோனது என்று அவர் தெரிவித்தால் லாக்கை இயக்கி ஒருமுறை ஓட்டித் தரும்படி கேட்கலாம். உள்ளே வந்த கடைசி வரியும் வெளியே போன கடைசி வரியும் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும்.

ஆட்டங்கள் கைக்கு வந்த பிறகு

போட்டி முடிந்ததும் பிஜிஎன் கோப்பு கிடைக்கும். ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் எஞ்சின் தந்த மதிப்பெண், ஆழம், எடுத்த நேரம் இருக்கும். தோற்ற ஆட்டங்களை மட்டும் எடுத்து, இரு தரப்பு மதிப்பெண்ணையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். உங்கள் எஞ்சின் ‘எனக்கு அரைச் சிப்பாய் அனுகூலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிராளி ‘எனக்கு இரண்டு சிப்பாய்’ என்று சொல்லத் தொடங்கிய முதல் இடம் எதுவோ, அங்கேதான் படிக்க வேண்டியது இருக்கிறது. தோல்வி வெளியே தெரிந்த நகர்வு அதற்குப் பத்துப் பதினைந்து நகர்வுகள் தள்ளி இருக்கும். அங்கே பார்ப்பதில் பயனில்லை.

அந்த முதல் இடத்து நிலையை எடுத்து, எஞ்சினுக்குப் பத்து மடங்கு நேரம் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது எதிராளியின் கருத்துக்கு வந்துவிட்டால் குறை தேடலில், அதாவது வேகத்திலோ வெட்டித்தள்ளும் விதிகளிலோ இருக்கிறது. அப்போதும் பிடிவாதமாக அரைச் சிப்பாய் அனுகூலம் என்றால் குறை மதிப்பீட்டில். எதிராளியின் ராஜாவைச் சுற்றியிருக்கும் ஆபத்தைப் பெரிதாகவும் தன் ராஜாவுக்கு வரும் ஆபத்தைச் சிறிதாகவும் எடைபோடுவது புது எஞ்சின்களில் நான் அதிகம் பார்க்கும் குறை.

ஒரே ஆட்டத்தைப் பார்த்து எண்களை மாற்றிவிட வேண்டாம். நிலையை ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். ஒரே மாதிரிக் குறையைக் காட்டும் நிலைகள் பல சேர்ந்ததும் திருத்தம் ஒன்றை எழுதி, பழைய பதிப்போடு எஸ்பிஆர்டி சோதனையில் மோதவிடுங்கள். தேறினால் புதிய எண் கொடுத்து, பெர்ஃப்ட்டிலிருந்து எல்லாச் சோதனையையும் மறுபடி ஒருமுறை ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.